மிச்ச வானம்

பழைய காகிதத்தைக் கிழித்து எடுத்தபோது அடியில் எழுத்து இருந்தது. கரிப்பென்சிலால் எழுதிய பெரிய பெரிய எழுத்துகள். தெக்லா காய்ந்த பசைப் பொருக்கை ஈரத்துணியால் துடைத்துவிட்டு உரக்கப் படித்தாள்.

“1871 அக்டோபர். ஒட்டியது மாச்செய் குலா, அவன் மச்சினன் ஃபிரானெக். நாலு நாளாக மழை. வீட்டுக்காரி மகா கஞ்சம். சூப்பில் எலும்பைக்கூடக் காணோம்.”

ஏணி உச்சியில் நின்ற அவள் அப்பா வாலெந்தி சிரித்த சிரிப்பில் ஏணி ஆடியது.

“குலாவா! நான் தொழில் பழகினப்போ அந்தக் கிழவன் உயிரோட இருந்தான்மா. எலும்புக்கு அப்படி அலைவான். இன்னொருக்கா படி.”

இன்னொரு முறை படித்தாள். ராடோம் ஊரில் சுவர்க்காகிதம் ஒட்டுகிறவர்களுக்கு இதுதான் வழக்கம். காகிதத்துக்கு அடியில் பேர், வருஷம், அன்றைய மழை வெயில், வீட்டுக்காரர்களைப் பற்றி மனசில் பட்டது. முப்பது நாற்பது வருஷம் கழித்து அதைக் கிழிக்கப்போகிறவனும் இதே தொழில்காரன்தான். அவனுக்கு எழுதுகிற கடிதம் அது. வீட்டுக்காரர்கள் அதைப் பார்ப்பதே இல்லை. கிழிக்கிற நாளில் தூசிக்குப் பயந்து அவர்கள் வேறு அறைக்குப் போய்விடுவார்கள்.

வாலெந்தி மட்டும் பேரையும் வருஷத்தையும் தவிர வேறெதுவும் எழுதமாட்டார். ஒன்று, அவர் ஜாக்கிரதைக்காரர். இன்னொன்று, அவருக்கு எழுதத் தெரிந்ததே அவ்வளவுதான்.

தெக்லாவின் பேர் எந்தச் சுவரிலும் இல்லை. பதினொரு வயசிலிருந்து மடியில் சுருளை உருட்டி உருட்டி ஓரம் வெட்டியவள், பசை காய்ச்சியவள், படிகாரம் போட்டுக் கலக்கியவள். கூட வேலை பார்த்த ஆண்கள் எல்லோருடைய பேரும் ஊர்ச் சுவர்களுக்குள் இருந்தது. ஒரு வாரம் மட்டும் வந்துவிட்டு ஓடிப்போன குடிகாரன் பேர்கூட.

“இந்தத் தடவை என் பேரையும் எழுதுங்கப்பா,” என்றாள்.

“வாத்தியாரம்மா ஆகப்போறவ பேரு சுவத்துல எதுக்கு? அதுவும் இந்த வீட்டுச் சுவத்துல?”

அந்த வீடுதான் சிக்கல். கீழ்த்தளம் மெலானியா கார்னிட்ஸ்கா அம்மையாரின் பெண்கள் பள்ளிக்கூடம். மேல்தளம் அவர் குடியிருப்பு. நான்கு வருஷத்துக்கு முன்னால் ஊர் ஊராக வேலைநிறுத்தம் நடந்து, தனியார் பள்ளிகளில் போலிஷ் மொழியிலேயே பாடம் நடத்தலாம் என்று ஜார் அரசாங்கம் இறங்கி வந்த பிறகு திறந்த பள்ளி. அங்கே கணக்கு ஆசிரியை வேலை ஒன்று காலி. தெக்லா வார்சாவில் மூன்று வருஷம் ஒரு சொந்தக்காரியின் சமையலறை மூலையில் படுத்துப் படித்து, முதல் தரத்தில் தேறி வந்திருந்தாள். அவள் குடும்பத்தில் அவளுக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்ததில்லை. விண்ணப்பம் போட்டாயிற்று. சனிக்கிழமை பதினொரு மணிக்கு நேர்காணல். அது கிடைத்தால் கணக்கு ஆசிரியை. கிடைக்காவிட்டால் இந்த ஊரில் ஒரு பெண்ணுக்கு வேலை தர வேறு பள்ளிக்கூடம் இல்லை.

அதே வாரத்தில், அதே அம்மையாரின் வரவேற்பறைக்குக் காகிதம் ஒட்ட வாலெந்திக்கு அழைப்பு வந்தது. கூட வேலை செய்தவன் லோட்ஸ் நகரத்து ஆலைக்குப் போய்விட்டான். இருபத்துநான்கு பட்டைகளை ஒற்றை ஆளாக ஒட்ட முடியாது. அம்மையார் வெள்ளிக்கிழமைவரை ஊரில் இல்லை என்று தெரிந்த பிறகு, தெக்லா அப்பாவின் பழைய மேலங்கியை மாட்டிக்கொண்டு, தலையைத் துணியால் இறுகக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். வீட்டில் இருந்தது சமையற்காரி பெட்ரோனெலா மட்டும்தான்.

செவ்வாய்க்கிழமை சுவர் முழுக்கப் பழைய செய்தித்தாளை ஒட்டினார்கள். அது காய்ந்த பிறகுதான் நல்ல காகிதம். புதன்கிழமை பெட்டியைத் திறந்தார்கள்.

பூப்போட்ட காகிதம் இல்லை. படம். சுவருக்குச் சுவர் தொடர்ந்து போகும் ஒரே படம். ஒவ்வொரு பட்டையின் முதுகிலும் எண் போட்டிருந்தது. ஒன்றுபோல இன்னொன்று கிடையாது. ஒரு பட்டை கிழிந்தால் அந்த இடத்துக்கு வேறு துண்டு உலகத்தில் இல்லை. தரையில் விரித்துப் பார்த்தபோது அறுவடை தெரிந்தது. பொன் நிறத்தில் கதிர், தூரத்தில் காற்றாலை, வைக்கோல் போருக்கு அடியில் தூங்கும் குழந்தை, பிடில் வாசிக்கும் கிழவர், குதிரைமேல் உட்கார்ந்து சிரித்துப் பார்க்கும் ஒரு பண்ணைவீட்டு அம்மாள். பதினோராவது பட்டையில் அறுவடைக்காரி ஒருத்தி. கையில் ஒரே ஒரு கதிரை விசிறிபோலப் பிடித்திருந்தாள். நீல ரிப்பன். வெள்ளைக் காலுறை.

தெக்லா குனிந்து அந்தக் காலுறையைப் பார்த்தாள். முழங்கால்வரை பால்போல வெள்ளை.

அவள் அம்மா கல்யாணத்துக்கு முன்னால் ஒரு பண்ணையில் கதிர் அறுத்தவள். அறுத்த தாளின் அடிக்கட்டை ஈட்டிபோல நிற்கும். வெறுங்காலோடு அதன்மேல் நடந்து நடந்து அவள் கணுக்கால் இரண்டும் பழைய பலகைபோலக் கீறலாகவே இருந்தன. சாகும்வரை அது மாறவில்லை. சவப்பெட்டியில் வைக்கும்போது அந்தக் காலுக்குக் காலுறை போட்டுவிட்டவள் தெக்லாதான். கறுப்புக் காலுறை.

“என்னம்மா அப்படிப் பாக்குற? கறை கிறை இருக்கா?” என்றார் வாலெந்தி.

“ஒரு பொட்டு அழுக்கு இல்லப்பா. அதான் பாக்குறேன்.”

அறை தாழ்வானது, காகிதம் உயரம். ஒவ்வொரு பட்டையின் மேலேயும் இரண்டு முழம் வானத்தை வெட்டிவிட வேண்டியிருந்தது. வெட்டிய வானத்தையெல்லாம் வாலெந்தி சுருட்டிக் கட்டிவைத்தார். எதையும் எறிகிற பழக்கம் அவருக்கு இல்லை. பிறகு ஜன்னலோரம் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு முதல் பட்டையை இறக்கினார்கள்.

வியாழக்கிழமை மத்தியானம் மற்றதையெல்லாம் ஒட்டி முடித்து, ஒன்பதாவது, பத்தாவது பட்டைக்கு மட்டும் இடம் விட்டுவிட்டு, அவர் சமையலறைக்குச் சாப்பிடப் போனார். கதவோரம் கீழே, “வாலெந்தி வ்ரோனா, 1909” என்று ஏற்கெனவே எழுதிவிட்டார். அவருடைய தட்டைப் பென்சில் அவர் காதிலேயே போய்விட்டது.

தெக்லா ஏணிமேல் தனியாக நின்றாள். சட்டைப்பையில் அவளுடைய சொந்தப் பென்சில் இருந்தது. வார்சாவில் படிப்பின் நடுவில் ஒரு பரீட்சையில் முதல் தரம் வாங்கியபோது அவளே தனக்கு வாங்கிக்கொண்ட காப்பியிங் பென்சில். மூன்று வருஷப் பாடக் குறிப்பின் பிற்பாதி முழுக்க அதில்தான் எழுதினாள். நாக்கில் தொட்டு எழுதுவது பழக்கமாகியிருந்தது. தொட்டாள். தலைக்கு மேலே செய்தித்தாள் பரப்பில், வேகமாக, கைக்கு வந்தபடி எழுதினாள்.

“தெக்லா வ்ரோனா ஒட்டியது. தாளடிமேல் நடந்து அறுக்கிறவளுக்கு வெள்ளைக் காலுறை ஏது? இந்தப் படம் பச்சைப் பொய்.”

படித்துப் பார்த்தாள். திருப்தியாக இருந்தது. அப்பா வருவதற்குள் ஒன்பதாவது பட்டையில் பசை பூசித் தூக்கிவிட்டாள்.

சாப்பிட உட்கார்ந்தபோது பெட்ரோனெலா அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். “உதட்டுல என்னடி ஊதா? காட்டுப்பழம் திருடித் தின்னியா? எனக்கு ஒண்ணு ரெண்டு கொண்டுவரக் கூடாது?”

தெக்லா புறங்கையால் துடைத்துக்கொண்டாள். அத்தோடு மறந்துவிட்டாள்.

சனிக்கிழமை வெள்ளை ரவிக்கை, கறுப்புப் பாவாடை, கடன் வாங்கிய கையுறை. கதவைத் திறந்த பெட்ரோனெலா அவளை மேலும் கீழும் பார்த்தாள். ஒரு நொடியில் புரிந்துகொண்டாள்.

“அடிப் பாவி,” என்றாள் மெதுவாக. பிறகு உரத்த குரலில், “வாங்க அம்மா, மேல வாங்க, பெரியம்மா காத்துட்டிருக்காங்க,” என்றாள்.

வரவேற்பறையில் அந்த வருஷத்தில் முதல் முறையாகக் கணப்பை மூட்டியிருந்தார்கள். புதுக் காகிதத்தின் ஈரமும் பசை வாசனையும் சூட்டில் எழும்பி நின்றன. மெலானியா அம்மையார் சோபாவில் உட்கார்ந்திருந்தார். கைப்பிடி வைத்த கண்ணாடியைத் தூக்கித் தூக்கிச் சான்றிதழைப் படித்தார். கிட்டப்பார்வை. அவர் தலைக்கு மேலே ஒன்பதாவது பட்டை. அதன் உச்சியில் வானம்.

“வடிவியல்ல இவ்வளவு மார்க்கா! எங்க பொண்ணுங்களுக்குக் கோணம் வரையச் சொன்னா கோழி வரையறாங்க,” என்றார். குரலில் கனிவு இருந்தது. “உட்காருங்க, உட்காருங்க. அறை எப்படி இருக்கு? வியாழக்கிழமைதான் முடிஞ்சுது.”

“நல்லா இருக்குங்க.”

“அலங்காரத்துக்காக மட்டும் வாங்கலை நான். நம்ம மக்களோட வாழ்க்கை இது. மண்ணோட வேர். எங்க பொண்ணுங்க எல்லாம் பெரிய வீட்டுப் பிள்ளைங்க, அறுவடையே பாத்ததில்ல. தினம் ரெண்டு பேரா இங்க வந்து டீ குடிக்கட்டும், இதைப் பாக்கட்டும். உழைக்கிறவங்ககிட்ட ஒரு மரியாதை வரும் இல்லையா?”

காலுறைக்காரி வலதுபக்கத்தில் ஒற்றைக் கதிரோடு நின்றாள்.

“அப்பா என்ன பண்றார்? ‘வீட்டு அலங்காரப் பணி’ன்னு போட்டிருக்கீங்க.”

“சுவர்ல... வேலை செய்றாருங்க.”

“சுவரோவியமா! தேவாலயங்கள்லயா?”

“வீடுகள்லதான்.”

“கலைஞர் குடும்பம். அதான் முகத்துலயே தெரியுது.”

மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. தன்மேலேயே ஆத்திரமாக வந்தது. பேச்சை மாற்ற எதையாவது பார்க்கலாம் என்று தலையை நிமிர்த்தினாள். அப்போதுதான் கண்ணில் பட்டது.

வானத்தில் ஊதா.

முதலில் பறவைக்கூட்டம் என்று நினைத்தாள். படத்தில் பறவை இருந்ததா? இல்லை. அவளே ஒட்டிய பட்டை அது, ஒரு காக்கைகூடக் கிடையாது. வரிசையாக நின்ற ஊதாத் திட்டுகள் பார்க்கப் பார்க்க எழுத்தாயின. நாக்கில் அந்தப் பென்சிலின் கசப்பு திரும்பி வந்தது. உலர்ந்திருக்கும்போது கரிப்பென்சில்போலச் சாம்பல் நிறம், ஈரம் பட்டால் ஊதா. இத்தனை நாள் கையில் பிடித்தவளுக்கு இது தெரியாதா? தெரியும். ஏணிமேல் நின்றபோது நினைவில் வரவில்லை, அவ்வளவுதான். பசையின் ஈரம் முழுக்க எழுத்தில் இறங்கி, கணப்புச் சூட்டில் காகிதத்தின் வழியாக வெளியே வந்துகொண்டிருந்தது.

“சரி,” என்றார் அம்மையார், பேனாவை எடுத்து. “எனக்கு முழுத் திருப்தி. திங்கட்கிழமை காலையில எட்டு மணிக்கு வந்துடுங்க. கையெழுத்தைப் போட்டுடறேன்.”

பெட்ரோனெலா டீத் தட்டோடு உள்ளே வந்தாள். வந்தவள் நின்றுவிட்டாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் கண் நன்றாகத் தெரியும்.

“பெரியம்மா, வானம் பூஞ்சை புடிச்சிருக்கு,” என்றாள்.

அம்மையார் திரும்பினார். எழுந்தார். கண்ணாடியைக் கண்ணில் வைத்துக்கொண்டு சுவரை ஒட்டி நின்றார். எழுத்துக் கூட்டி, குழந்தைபோல ஒவ்வொன்றாகப் படித்தார். முதல் சொல் கலங்கி ஊறிப்போயிருந்தது.

“வ்ரோனா ஒட்டியது. தாளடிமேல்... நடந்து... அறுக்கிறவளுக்கு... வெள்ளை... காலுறை...” அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. ஆனால் கடைசிவரை படித்தார். காதுமடல் சிவந்தது.

“அந்தக் காகிதக்காரன்! என் வீட்டுச் சுவத்துல எனக்கே பாடம் எழுதுறானா? எவ்வளவு கொழுப்பு! இந்த ஊர்ல இனி ஒரு வீட்டுப் படியேற முடியாதபடி பண்ணல, என் பேரு மெலானியா இல்ல. இன்னைக்கே எல்லாருக்கும் எழுதறேன்.” பிறகு, ஏதோ நினைவு வந்தவராகக் கையிலிருந்த விண்ணப்பத்தைப் பார்த்தார். “உங்க பேரும் வ்ரோனாதானே?”

பெட்ரோனெலா முந்திக்கொண்டாள். “ஊர்ல பாதிப் பேருக்கு அந்தப் பேருதாங்க பெரியம்மா. எங்க இறைச்சிக்கடைக்காரன்கூட வ்ரோனாதான். என் அண்ணனோட செத்துப்போன குதிரைக்கும் அதே பேருதான்.” சொல்லிவிட்டுத் தெக்லாவை முறைத்தாள். வாயை மூடு என்பது அந்த முறைப்பின் அர்த்தம்.

பேனா இன்னும் அம்மையாரின் விரலிடுக்கில் இருந்தது. மை தொட்ட பேனா. தெக்லா அதைப் பார்த்தாள். சும்மா இருந்தால் போதும், வேலை அவளுடையது. அப்பா வேறு ஊருக்குப் போய் வேலை தேடிக்கொள்வார். கேட்டால், சரிம்மா, நீ நல்லா இரு என்றுகூடச் சொல்வார். அதுதான் தாங்கமுடியாதது.

“அவருக்கு அவ்வளவு எழுத வராதுங்க,” என்றாள். “பேரையும் வருஷத்தையும் மட்டும்தான் எழுதுவாரு. எழுதினது நான். ஒட்டினதும் நான்தான். அவரு எங்கப்பா.”

பெட்ரோனெலா தட்டை மேசைமேல் டமாலென்று வைத்தாள்.

அம்மையார் வெகுநேரம் அவள் கைகளையே பார்த்தார். கையுறைக்குள் பசை காய்ந்த நகங்கள் தெரிந்துவிடும் என்பதுபோல.

“கலைஞர்னு நான் சொன்னப்போ சும்மா இருந்த.” ‘நீங்க’ போய்விட்டிருந்தது.

“இருந்தேன். அது என் தப்பு. வெக்கப்பட்டேன்.”

“இது பொய்ங்கறியா?” கண்ணாடிக் கைப்பிடியால் சுவரைக் காட்டினார்.

“ஆமாங்க. எங்கம்மா அறுத்தவங்க. அவங்க காலை நீங்க பாத்திருந்தா இந்தக் காகிதத்தைக் காசு கொடுத்து வாங்கியிருக்கமாட்டீங்க.”

“யாருகிட்ட பேசறேன்னு தெரியுதா? ஏணியில ஏறிப் பசை தடவற பொண்ணை என் பிள்ளைங்க முன்னாடி ஆசிரியைன்னு நிறுத்தினா, நாளைக்கே பாதிப் பேரு கூட்டிட்டுப் போயிடுவாங்க. எனக்குப் பள்ளிக்கூடம் நடக்கணும்.”

“உழைக்கிறவங்ககிட்ட மரியாதை வரணும்னு இப்பதான் சொன்னீங்க.”

அம்மையார் பேனாவைக் கீழே வைத்தார். விண்ணப்பத்தின் ஓரத்தில் எதுவும் எழுதவில்லை. சான்றிதழை மடித்து, மடிப்பை நகத்தால் நீவி, மேசையின் இந்தப் பக்கத்துக்குத் தள்ளினார்.

தெக்லா எழுந்துகொண்டாள். “வானத்தை நாங்க சரிபண்ணித் தர்றோம். அப்பாகிட்ட மிச்ச வானம் இருக்கு. அவரு எழுதலைங்கறதை மட்டும் யாருக்கு எழுதினாலும் சேத்து எழுதுங்க.”

“திங்கட்கிழமை,” என்றார் அம்மையார் சுவரைப் பார்த்தபடி. “பிள்ளைங்க வர்றதுக்கு முன்னாடி. பின்வாசல் வழியா.”

வீட்டில் வாலெந்தி முழுக்கதையையும் கேட்டார். வேலை போனதைக் கேட்டபோது ரொட்டியைக் கீழே வைத்தார். காலுறை விஷயத்தைக் கேட்டபோது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பியவர் முகத்தில் நிஜமான கோபம் இருந்தது.

“எந்தப் பென்சிலு?”

எடுத்துக் காட்டினாள்.

“காப்பியிங் பென்சிலா! லூப்லின்ல ஒருத்தன் மாதா கோயில் பாதிரியார் வீட்டுல இதாலதான் அளவு போட்டான். அவரு கட்டிலுக்கு மேல ஊதாவா நம்பரு நம்பரா வந்துச்சு. ஊரே சிரிச்சுது. நூறு தடவை சொல்லியிருக்கேன் உனக்கு. முதல் தரமாம், மூணு வருஷமாம்! எழுதினதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. குலா எழுதாததா? ஆனா இதாலயா எழுதுவ?”

அவள் சிரிக்க ஆரம்பித்து அழுதுவிட்டாள். அவர் ரொட்டியை மறுபடி எடுத்து, அவளுக்குப் பாதி பிய்த்துக் கொடுத்தார். “அழு. அழுதுட்டுப் பசை காய்ச்சு. நாளன்னிக்குக் கெட்டியா வேணும்.”

திங்கட்கிழமை ஏழு மணிக்குப் பின்வாசல். தெக்லா தலையில் துணி கட்டவில்லை. கறை பிடித்த வானத்தை நனைத்துச் சுரண்டி, அடியிலிருந்த செய்தித்தாளையும் எடுத்தார்கள். ஊதா சுண்ணாம்பு வரைக்கும் இறங்கியிருந்தது. அது மறுபடி மேலே ஊறாமல் இருக்க வாலெந்தி அதன்மேல் அரக்கு பூசினார். அது காயும்வரை அவள் மிச்ச வானத்தின் ஓரங்களை மணல்தாளால் தேய்த்தாள். ஓரம் மெலிந்தால்தான் ஒட்டு தெரியாது. எட்டு மணிக்குக் கீழே மணி அடித்தது. நாற்காலிகள் இழுபடும் சத்தம், ஒரு கூட்டம் காலடி, பிறகு அமைதி. கணக்கு வகுப்புக்கு யார் போயிருப்பார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டாள். யாரும் போயிருக்கமாட்டார்கள்.

பெட்ரோனெலா இரண்டு கிண்ணம் சூப்பைக் கொண்டுவந்து ஜன்னல் திண்டில் வைத்தாள். “என் அண்ணன் குதிரையைப் பொய்யா சாகடிச்சேன்டி உனக்காக. அதுகூட வீணாப்போச்சு,” என்றாள். “தின்னு. எலும்பு போட்டிருக்கேன்.”

சாப்பிட்டு முடித்துப் புதுச் செய்தித்தாளையும் ஒட்டி, அது காய்ந்ததும் வாலெந்தி காதிலிருந்த தட்டைப் பென்சிலை எடுத்து மகளிடம் நீட்டினார்.

“எழுது. இது ஊறாது.”

தெக்லா ஏணி ஏறினாள். இந்தத் தடவை அவசரப்படாமல் எழுதினாள்.

“1909 செப்டம்பர், திங்கட்கிழமை. இந்த வானத்தை இரண்டாம் முறை ஒட்டியவர்கள் தெக்லா வ்ரோனா, அவள் அப்பா வாலெந்தி. மழை இல்லை. சூப்பில் எலும்பு இருந்தது. கணக்கு ஆசிரியை வேலை கிடைக்கவில்லை. காலுறை பற்றி முதலில் எழுதியது உண்மை.”

வாலெந்தி இரண்டு படி ஏறி, விரலை வைத்து மெதுவாகப் படித்தார். தன் பேர் வந்த இடத்தில் ஒருமுறை நின்றார். ‘காலுறை’யில் இன்னொரு முறை நின்றார்.

“பென்சிலைக் கொடு,” என்றார். காதில் செருகிக்கொண்டார். “இப்ப அந்த மூலையைப் பிடி. சுருக்கம் விழாம இறக்கணும்.”

அம்மையார் சாயங்காலம் வந்து கண்ணாடியை வைத்துப் பார்த்தார். சுவருக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுபோய், ஒட்டு எங்கே என்று தேடினார். வெறும் வானம்தான் தெரிந்தது. சோபாவில் போய், அதற்கு நேர் கீழே உட்கார்ந்துகொண்டார்.